600 ரூபாய்க்கு ஒரு பேட்டிங் மதிப்பீடு

என் அக்கா மகனுக்கு 13 வயது. போன ஞாயிற்றுக்கிழமை அவனைக் காவேரிப்பட்டணத்திலிருந்து பஸ் ஏற்றி, கிருஷ்ணகிரியில் மாந்தோப்பை ஒட்டியிருக்கும் ஒரு கிரிக்கெட் பயிற்சி மையத்துக்கு அழைத்துப் போனேன். பேட்டிங் திறன் மதிப்பீட்டுக்கு 600 ரூபாய் வாங்கினார்கள்.

முதலில் பந்து வீசும் எந்திரத்தின் முன் நிறுத்தி 60 பந்துகள். மேலெல்லாம் சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் பந்து, ஒரே வேகம், ஏறக்குறைய ஒரே இடம். பத்துப் பந்துகளில் எவனுக்கும் அது பழகிவிடும். பந்து வீசுபவனின் மணிக்கட்டைப் பார்த்துக் கணிக்கும் வேலையே அங்கு இல்லை. அவன் வெளுத்துக் கட்டினான். கையில் ஒரு தாள் கொடுத்தார்கள்: பலம் 8, சிக்ஸர் திறன் 7, "அதிரடி ஆட்டக்காரர்".

அடுத்த இருபது நிமிடம்தான் கொடுத்த பணத்துக்கு ஈடு. வயதான பயிற்சியாளர் ஒருவர் பக்கத்தில் நின்று கையாலேயே பந்தை எறிந்தார். ஏழெட்டுப் பந்துகளுக்குள் நிறுத்தி, "தலை ஆஃப் பக்கம் சாய்கிறது தம்பி, நேர்ப் பந்து காலில் படும்" என்றார். நான் அவனுடைய ஆட்டங்களைப் பந்து பந்தாகக் குறித்து வைக்கும் நோட்டில், கடைசி ஐந்து ஆட்டங்களில் மூன்று முறை எல்பிடபிள்யூ, அதாவது ஸ்டம்புக்குப் போகிற பந்து காலில் பட்டு அவுட். அந்த நோட்டை அவர் பார்க்கவே இல்லை! எனக்கு மெய்சிலிர்த்தது.

ஆனால் அவன் எப்படி ரன் சேர்க்கிறான் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. கடைசியாக மேட்டிங் விரிப்பில் ஆடிய ஆட்டத்தில் 41 பந்துகளில் 34 ரன். நான்கு பவுண்டரி, இரண்டு இரட்டை ரன், 14 ஒற்றை ரன். மீதி 21 பந்துகள் வெறுமனே போயின. அவற்றில் 13 ஒரே இடக்கைச் சுழற்பந்து வீச்சாளரிடம். இறங்கி வந்து, தூரத்தில் நிற்கும் லாங் ஆன் பீல்டர் பக்கம் மெல்லத் தட்டிவிட்டு ஓட அவனுக்கு இன்னும் தெரியவில்லை. பீல்டரே இல்லாத பயிற்சி வலைக்குள் அந்தக் குறை எப்படித் தெரியும்?

தாள் கொடுத்த இளைஞர் வைபவ் சூர்யவன்ஷியை எடுத்துக்காட்டாகச் சொன்னார். 2025 ஏப்ரல் 28 அன்று ஐபிஎல்லில் 14 வயதில் 35 பந்துகளில் சதம். அவன் எடுத்த 101 ரன்களில் 94 பவுண்டரியும் சிக்ஸருமாக வந்தவை. அபூர்வமான பிள்ளை, மறுக்கவில்லை. அந்த ஆண்டு ஐபிஎல்லில் அதிக ரன் குவித்தவர் நம் சென்னைக்காரர் சாய் சுதர்சன். 759 ரன்களில் சிக்ஸர்கள் 21 மட்டுமே. இடைவெளி பார்த்துத் தரையோடு அடிப்பதிலேயே வேகமாக ரன் சேர்த்தார். சிக்ஸர் திறன் என்ற கட்டத்தில் அவருக்கு என்ன மதிப்பெண் போடுவார்கள்?

இதை அந்தப் பெரியவரிடம் சொன்னேன். "அடுத்த முறை நோட்டைக் கொண்டு வாருங்கள், சுழல் போடும் பையன் ஒருவனையும் நிறுத்துகிறேன்" என்றார். அந்த ஒரு பேச்சுக்காகவே மாதப் பயிற்சியில் சேர்க்கிறேன். மதிப்பீட்டுக்காக மட்டும் யாரும் அங்கே பணம் கட்ட வேண்டாம்.

தாளைச் சுவரில் ஒட்டட்டுமா மாமா என்று பஸ்ஸில் கேட்டான். வேண்டாம் என்று சொல்லி, நோட்டைத் திறந்து அந்த 13 பந்துகளைக் காட்டினேன். தெரிந்த பையன்களில் இடக்கைச் சுழல் போடுகிறவன் யாராவது இருக்கிறானா என்று யோசிக்கத் தொடங்கிவிட்டான்.