கொழும்பு வெள்ளவத்தை வீட்டில தண்ணி ஒழுக்குப் பிடிக்கிற ஸ்மார்ட் சென்சர், அஞ்சு மாசம் பாவிச்ச பிறகு

முதலே சொல்லிடுறன், சாமான் நல்ல சாமான், ஆனா பூட்டுற இடம் பிழைச்சா காசு தண்டம். கடைக்காரரும் சொல்லமாட்டினம், யூடியூப்பில வாற வெளிநாட்டு வீடியோவும் சொல்லாது, ஏனெண்டா அவையளின்ட வீட்டில கூரைக்கு மேல தண்ணித் தாங்கி இல்லை. எங்கட ஆக்கள் ஆராவது வாங்க யோசிச்சா இதை வாசிச்சிட்டு வாங்குங்கோ.

எங்கட வீடு காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில ஒரு லேனில, பழைய வீடு, கீழ அம்மா, மேல நாங்கள் நாலு பேர். தண்ணி பில் வழமையா 19, 20 யூனிட்தான் வரும். போன செப்டம்பர் 26, அடுத்த மாசம் 31, பிறகு 33. ஒரு யூனிட் எண்டா ஆயிரம் லீற்றர், அப்ப மாசம் 13 ஆயிரம் லீற்றர் எங்கயோ போகுது, தரையிலயும் காணேல்ல, முற்றத்திலயும் காணேல்ல. யூனிட் கூடக்கூட ஒவ்வொரு யூனிட்டின்ட விலையும் ஏறுற முறைதானே, 2022லயும் 2023லயும் கட்டணத்தைக் கூட்டினாப் பிறகு அந்த மேல் படியெல்லாம் சுடுது, பில் ரெண்டு மடங்கைத் தாண்டிட்டுது. நான் பிள்ளையளைத்தான் பேசினன், குளிக்கிற நேரம் கூடிப்போச்சு எண்டு. பாவம் அதுகள்.

ஒரு பைப் பாஸை, அதுதான் பைப் வேலை செய்யிறவரை, கூப்பிட்டம். வந்து சுத்திப் பாத்திட்டு மேல் பாத்ரூம்தான் எண்டு அடிச்சுச் சொல்லி டைல்ஸ் எட்டு உடைச்சார், உள்ளுக்கு மண் காய்ஞ்சு கிடந்தது. உடைச்சதுக்கும் காசு, திருப்பி ஒட்டினதுக்கும் காசு, அந்த நிற டைல்ஸ் இப்ப கடையில இல்லை. அண்டைக்குத்தான் முடிவெடுத்தன், இனி அளந்து பாக்காமல் ஒரு சுவரிலயும் கை வைக்க விடுறதில்லை எண்டு.

மீற்றரைப் பாத்தா தெரியும்தானே எண்டு கன பேர் சொல்லுவினம், எல்லாப் பைப்பையும் பூட்டிட்டு மீற்றருக்குள்ள இருக்கிற சின்னச் சில்லு சுத்துதா பாருங்கோ எண்டு. நானும் பாத்தன். ஆனா எங்கட வீடுகள்ல மீற்றரில இருந்து தண்ணி நேரா பைப்புக்குப் போறதில்லையே, தாங்கிக்குப் போகுது, தாங்கியில தண்ணி நிரம்பினாத் தானாப் பூட்டுற போல் வால்வ் இருக்கு. தாங்கி நிரம்பாமல் இருந்தா ஒழுக்கு இல்லாட்டியும் சில்லு சுத்தும், நிரம்பி வால்வ் பூட்டியிருந்தா ஒழுக்கு இருந்தாலும் கொஞ்ச நேரம் சுத்தாமல் நிக்கும். அஞ்சு நிமிசம் பாத்திட்டு ஒண்டும் சொல்லேலாது.

சரி, சாமானுக்கு வாறன். இதில மூண்டு விதம் இருக்கு. ஃப்ளூம் எண்டது மீற்றரில பட்டி மாதிரிக் கட்டுறது, மீற்றருக்குள்ள சுத்துற காந்தத்தை வாசிக்கும், அது அமெரிக்க மீற்றர்களுக்கெண்டு செய்தது. மோயென், ஃபின் மாதிரி கொம்பனியள் செய்யிறது பைப்பை வெட்டி இடையில வைக்கிறது, ஒழுக்கு எண்டு கண்டா தானாத் தண்ணியை நிப்பாட்டும், வால்வைப் பூட்டி வச்சுக்கொண்டு பிரஷர் இறங்குதா எண்டும் சோதிக்கும், கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அதுகள் மெயின் பிரஷரில நேரா ஓடுற வீட்டை மனசில வச்சுச் செய்தது. எங்கட தாங்கியில இருந்து இறங்குற தண்ணிக்கு அந்தளவு பிரஷர் எங்க இருக்கு, பத்து மீற்றர் உயரம் இருந்தாத்தான் ஒரு பார் பிரஷர் வரும், எங்கட வீட்டில தாங்கிக்கும் கீழ்ப் பைப்புக்கும் இடையில ஆறு மீற்றர் கூட இல்லை. அதுக்கு மேல பைப் பூட்டுற திருகுப் புரியும் அமெரிக்காவில வேற, இங்க வேற.

நான் எடுத்தது மூண்டாவது விதம், பைப்பை வெட்டாமல் வெளியால கவ்வுற அல்ட்ராசோனிக் சென்சர். ஒன்லைனில வாங்கின சாமான், ஒரே பெட்டியை நாலு பேர் நாலு பெயரில விக்கினம், அதால பெயரைச் சொல்லி ஒரு பயனும் இல்லை. கிளாம்ப், அடப்டர், தாங்கிக்குக் கிட்ட வைக்க ஒரு வைஃபை எக்ஸ்டெண்டர் எல்லாம் சேத்து எனக்கு 38 ஆயிரம் முடிஞ்சுது. வேலை செய்யிற விதம் எனக்கு நல்லாப் பிடிச்சது. ரெண்டு சென்சர் ஒண்டுக்கொண்டு சத்தம் அனுப்புது, எங்கட காதுக்குக் கேக்காத சத்தம், தண்ணி ஓடுற பக்கம் போற சத்தம் கொஞ்சம் கெதியாப் போய்ச் சேரும், எதிர்ப்பக்கம் போறது கொஞ்சம் பிந்தும், அந்த நேர வித்தியாசத்தில தண்ணி என்ன வேகத்தில ஓடுது எண்டு கண்டுபிடிச்சு, பைப்பின்ட உள் வாய்ப் பரப்பால பெருக்கி லீற்றர் கணக்காக் காட்டுது. பைப்புக்குள்ள ஒண்டும் போறதில்லை, அதால குடிக்கிற தண்ணியைப் பற்றிப் பயமில்லை.

இப்ப நான் விட்ட பிழை. சாமானோட வந்த படத்தில மீற்றருக்குப் பக்கத்தில பூட்டச் சொல்லியிருந்தது, நானும் கேற்றடியில மீற்றர் தாண்டின உடனே பூட்டினன். முதல் நாள் இரவு ஒண்டே முக்காலுக்கு போன் கத்துது, தண்ணி நிக்காமல் ஓடுது எண்டு. ஓடிப்போய்ப் பாத்தா ஒண்டுமில்லை. அடுத்த நாளும் அதே நேரம். மூண்டாம் நாளும். பிறகுதான் விளங்கினது, எங்கட லேனுக்குப் பகலில பிரஷர் காணாது, இரவு சனம் படுத்தாப் பிறகுதான் மெயினில பிரஷர் ஏறும், அப்பத்தான் எங்கட தாங்கி நிரம்பும். அது தாங்கி நிரம்புறதை ஒழுக்கு எண்டு சொல்லிக்கொண்டிருந்திருக்கு. ரெண்டு கிழமை நானும் மனுசியும் ஒழுங்கா நித்திரை கொள்ளேல்ல. சாமானில பிழை சொல்லேலாது, அது கண்டதைச் சொன்னது.

கழட்டிக்கொண்டு மேல் ஸ்லாப்புக்குப் போய் தாங்கியில இருந்து வெளிக்கிடுற ஒரு இஞ்சிப் பைப்பில பூட்டினன். வீட்டில ஆர் எங்க பைப்பைத் திறந்தாலும் தண்ணி அதால போய்த்தான் ஆகோணும், தாங்கி நிரம்பினாலும் நிரம்பாட்டியும் அந்த லைனுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த ஒரு மாற்றத்தோட எல்லாம் நல்லபடியா மாறிப்போச்சு.

பூட்டேக்க கவனிக்க வேண்டியது கொஞ்சம் இருக்கு. பைப்பை நல்லாத் துடைச்சு, பெயின்ட் இருந்தா சுரண்டி, தந்த ஜெல்லைப் பூசித்தான் கவ்வ விடோணும். வளைவுக்கும் வால்வுக்கும் பக்கத்தில வைக்கக்கூடாது, தண்ணி சுழிச்சு வாற இடத்தில கணக்குப் பிழைக்கும், நான் வளைவில இருந்து ஒரு அடிக்கு மேல தள்ளி நேர்ப் பைப்பில வச்சன். பைப் எப்பவும் முழுசா நிறைஞ்சிருக்கிற இடமா இருக்கோணும், உள்ளுக்குக் காத்து நிண்டா பைத்தியம் பிடிச்ச மாதிரி எண்கள் வரும். மற்றது அளவு. நான் போன் அப்பில பைப்பின்ட வெளி அளவு 32 மில்லிமீற்றர் எண்டு குடுத்திட்டன், வாளி வச்சுச் சரிபாத்தன், பத்து லீற்றர் வாளிக்கு 13 லீற்றர் காட்டுது. அது கேட்டது உள் அளவு. 28 எண்டு மாத்தினன், ஒன்பதே முக்கால் காட்டினது. எனக்கு அது போதும். வாளி வச்சுப் பாக்காமல் ஆரும் இந்தச் சாமானை நம்பாதீங்கோ, கடைசியா தாங்கிக்குக் கீழ உள்ள வால்வெல்லாத்தையும் பூட்டி வச்சு பூச்சியம் காட்டுதா எண்டும் ஒருக்கா செட் பண்ணுங்கோ.

அண்டு இரவு ரெண்டு மணியில இருந்து நாலு மணி வரைக்கும் அப்பைப் பாத்துக்கொண்டிருந்தன். எல்லாரும் நித்திரை, ஒரு பைப்பும் திறக்கேல்ல, கோடு பூச்சியத்தில படுத்துக் கிடக்கோணும். படுக்கேல்ல. நிமிசத்துக்கு 0.3 லீற்றர், ஆடாமல் அசையாமல் ஒரே நேர்கோடு. ஒரு டம்ளர் தண்ணிதானே எண்டு நினைப்பீங்கள், கணக்குப் பாத்தன், ஒரு நாளைக்கு 432 லீற்றர், 30 நாளுக்குப் பெருக்கினா 13 யூனிட். பில்லில கூடின அதே 13. அந்த நேரம் எனக்குக் கண் கலங்கிட்டுது, நாலு மாசமாத் தேடின ஒண்டு கண்ணுக்கு முன்னால நிக்குது.

ஆனா இது இருக்கு எண்டுதான் சொல்லும், எங்க எண்டு சொல்லாது. இடத்தை நாங்கள்தான் பிடிக்கோணும். எங்கட ஸ்லாப்பில தாங்கிக்குக் கீழ மூண்டு கேட் வால்வ், ஒண்டு குசினிக்கு, ஒண்டு மேல் பாத்ரூமுக்கு, ஒண்டு கீழ் வீட்டுக்கு. அடுத்த இரவு டோர்ச்சோட ஏறி ஒவ்வொண்டாப் பூட்டி அஞ்சஞ்சு நிமிசம் பாத்தன். குசினியைப் பூட்டினன், 0.3. மேல் பாத்ரூமைப் பூட்டினன், அதே 0.3, டைல்ஸ் உடைச்ச இடத்தில ஒண்டுமேயில்லை. கீழ் வீட்டைப் பூட்டினன், கோடு விழுந்து பூச்சியமாச்சு.

விடிஞ்ச உடனே அம்மாவின்ட பாத்ரூமில கொமட் சிஸ்டனுக்குள்ள கேக்குக்குப் போடுற சிவப்புக் கலரிங் கொஞ்சம் ஊத்தி, ஃப்ளஷ் பண்ணாமல் கால் மணித்தியாலம் விட்டம். கொமட்டுக்குள்ள மெல்லிசாச் சிவப்பு இறங்குது. அடியில இருக்கிற ரப்பர் மூடி தேஞ்சு போச்சு, புதுசு சின்னக் காசுதான், மாத்தினன். அண்டு இரவு பாத்தா 0.18. பாதிக்குக் கிட்டத்தான் போயிருக்கு. மிச்சம் எங்க?

அம்மாதான் சொன்னா. "தம்பி, நான் அப்பவே சொன்னனான்தானே, கட்டிலுக்குப் பின்னால சுவர் எப்பவும் குளிர்ந்துதான் கிடக்குது." சொன்னவதான். நாங்கள் மழை ஈரம் எண்டு விட்டிட்டம், பூஞ்சணம் வந்த இடத்துக்குப் பெயின்ட் அடிச்சு மூடினம். அவவுக்கு மூட்டு வருத்தம், நாலு மாசம் அந்த ஈரச் சுவருக்குப் பக்கத்தில படுத்திருக்கிறா. அதை நினைச்சா இப்பவும் மனசு கேக்குதில்லை. வேற ஒரு பாஸைக் கூப்பிட்டு, இந்த முறை அந்த ஒரு இடத்தில மட்டும் உடைக்கச் சொன்னன். ஒரு சாண் உடைச்ச உடனே பழைய இரும்புப் பைப்பின்ட எல்போ, அதுதான் வளைவுத் துண்டு, கறள் பிடிச்சு ஊசி ஓட்டை மாதிரி இருந்தது, தண்ணி சுவருக்குள்ளயே இறங்கி அத்திவாரத்துக்குப் போயிருக்கு, அதால்தான் தரையில ஒரு சொட்டும் காணேல்ல. அந்தத் துண்டை வெட்டி பிவிசி போட்டார். அப்பைக் காட்டினன், பூச்சியம். அந்தப் பாஸ் சிரிச்சுக்கொண்டு "அண்ணே, இது இருந்தா எங்களுக்கு உடைக்கிற வேலை குறைஞ்சிடும்" எண்டார். சுவரை உடனே பூசவேண்டாம் எண்டும் அவர்தான் சொன்னவர், ஒரு மாசம் காயவிட்டம்.

குறைகளும் இருக்கு. கரண்ட் போனா வைஃபையும் போகும், அந்த நேரம் நடந்த ஒண்டும் பதியாது, பிறகு பாத்தா கோட்டில ஓட்டை. 2.4 கிகாஹேர்ட்ஸ் எண்ட பழைய வைஃபை அலையிலதான் வேலை செய்யும், அதுவும் கொன்கிரீட் ஸ்லாப்பைத் தாண்டி வராது, எக்ஸ்டெண்டர் கட்டாயம் வேணும். சொட்டுச் சொட்டா விழுற பைப்பை இது காட்டாது, அவ்வளவு சின்ன ஓட்டம் அதுக்குப் பிடிபடாது. தாங்கி கழுவின நாள் லைனில காத்துப் புகுந்து அரை நாள் கண்டபடி எச்சரிக்கை வந்தது. கடல் காத்துக்கு கிளாம்ப் ஆணி மூண்டாம் மாசமே கறள் பிடிச்சிட்டுது, ஸ்ரெயின்லெஸ் ஆணி வாங்கி மாத்தினன், வெயில் மழைக்கு மேல ஒரு பிளாஸ்ரிக் பெட்டியும் கவுத்து வச்சிருக்கிறன். அப் முழுக்க இங்கிலிஸ், அம்மாவுக்கு ஒண்டும் விளங்காது, இவ்வளவு காசு வாங்கிறவை தமிழும் சிங்களமும் போடலாம். தானாத் தண்ணியை நிப்பாட்டுற வசதியும் இதில இல்லை.

பிளாட்டில இருக்கிற ஆக்களுக்கு, உங்கட வீட்டுக்கெண்டு தனி லைன் எங்க பிரியுது எண்டு முதல்ல பாருங்கோ, பொது லைனில பூட்டினா பக்கத்து வீட்டுக் குளியலும் சேந்துதான் வரும். மீற்றருக்கு வெளியால றோட்டுப் பக்கம் ஒழுகினா இதெல்லாம் தேவையில்லை, 1939க்கு அடிச்சு வோட்டர் போர்ட்டுக்குச் சொன்னாச் சரி. அம்பத்தலேயில களனி ஆத்துத் தண்ணியைச் சுத்தம் பண்ணி இவ்வளவு தூரம் தள்ளி அனுப்புகினம், அது றோட்டில ஓடுறதைக் கண்டிட்டு கடந்து போக எனக்கு இப்ப மனம் வாறதில்லை.

போன மூண்டு பில்லும் 20, 19, 20 யூனிட். போட்ட காசை பில் மிச்சத்தில மட்டும் எடுக்கக் கன மாசம் பிடிக்கும், ஆனா அந்த எட்டு டைல்ஸின்ட செலவை யோசிச்சா எனக்கு இது விலையாத் தெரியேல்ல. அஞ்சுக்கு நாலு குடுப்பன்.

வெட்டாமல் கழட்டக்கூடிய சாமான் எண்டபடியா அடுத்த கிழமை தெகிவளையில அக்கா வீட்டில பூட்டிப் பாக்கப்போறன். அங்க கீழ சம்ப், அதுதான் நிலத்துக்குள்ள தண்ணித் தொட்டி, மோட்டர் அடிச்சுத்தான் மேல ஏறுது, மோட்டர் அதிர்வில சென்சர் என்ன செய்யுது எண்டு பாத்திட்டு இதிலயே சேத்து எழுதுறன்.