செட்டி அட் ஹோம்: வெள்ளவத்தையில் ஒரு நீண்டகாலப் பயனாளரின் அனுபவம்

வேற்றுலக நாகரிகங்களின் வானொலிச் சமிக்ஞைகளைத் தேடுவதற்காக, பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 1999 மே மாதத்தில் வெளியிட்ட செட்டி அட் ஹோம் மென்பொருளை, அது 2020 மார்ச் 31 அன்று புதிய தரவு அனுப்புவதை நிறுத்தும்வரை எங்கள் வீட்டுக் கணினிகளில் இயக்கி வந்தேன். மென்பொருள் என்ற அளவில் பெரிய குறையில்லை. ஆனால் அது எதைத் தேடியது, எதைத் தேடவே இல்லை என்பது பயனாளர்களில் பலருக்கு விளங்காமலே போயிற்று.

தொலைநோக்கியின் பதிவுகளைச் சிறு பொதிகளாக்கித் தன்னார்வலர்களின் கணினிகளுக்கு அனுப்பி அலசவைப்பதே அதன் முறை. அப்படி வரும் ஒரு தரவுப்பொதி ஏறத்தாழ 350 கிலோபைட் மட்டுமே. தொலைபேசி வழியாக இணையம் பெற்ற நாட்களில் சில நிமிடங்களில் அதை இறக்கி, இணைப்பைத் துண்டித்துவிட்டுக் கணினியை அதன் பாட்டில் விடலாம். செய்த வேலையை இடையிடையே சேமித்துக்கொண்டதால், 2001, 2002 ஆம் ஆண்டுகளின் மின்வெட்டுகளிலும் பெரிய நட்டம் ஏற்படவில்லை. மின்கட்டணமும் அறையின் வெக்கையும் வேறு கதை. அவற்றை வீட்டாரிடம் நியாயப்படுத்துவது எளிதாக இருக்கவில்லை.

தேடலின் எல்லைகள் கணினியில் தொடங்கவில்லை. தரவு பெரும்பாலும் வந்தது புவேர்ட்டோ ரிக்கோவின் 305 மீற்றர் அரேசிபோ தொலைநோக்கியிலிருந்து. அதுவும் மற்றவர்களின் ஆய்வுகள் நடக்கும்போது ஒட்டிக்கொண்டு கேட்டதுதான். எங்கே திருப்புவது என்பதைத் தேடுபவர்கள் தீர்மானிக்கவில்லை. அந்தத் தொலைநோக்கிக்கு வானத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே எட்டும். கொழும்பில் நாம் தெற்கே தெளிவாகப் பார்க்கும் அல்பா செண்டோரி, சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீன் தொகுதியாக இருந்தும், அரேசிபோவின் பார்வைக்குள் வந்ததே இல்லை. தொலைநோக்கி அசையாதிருக்கையில் ஒரு விண்மீன் அதன் பார்வையைக் கடக்க ஏறத்தாழ 12 செக்கன்களே எடுக்கும். கேட்ட அலைவரிசையோ ஐதரசன் உமிழும் 1420 மெகாஹேட்ஸைச் சூழ்ந்த 2.5 மெகாஹேட்ஸ் அகலம் மட்டும். அனுப்புபவரும் ஐதரசனையே பொது அடையாளமாகக் கொள்வார் என்பது நம் ஊகம்; நியாயமான ஊகம்தான், ஆயினும் ஊகமே.

நேரப் பொருத்தம் இன்னும் கடினமானது. 1974 நவம்பரில் இதே அரேசிபோவிலிருந்து, ஏறத்தாழ 25,000 ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள எம்13 விண்மீன் கொத்தை நோக்கி அனுப்பப்பட்ட செய்தி மூன்று நிமிடங்கூட நீடிக்கவில்லை. அங்கே யாரேனும் இருந்து, அந்த மூன்று நிமிடங்களில் வேறு திசையைக் கேட்டுக்கொண்டிருந்தால், நாம் பேசவே இல்லை என்றுதான் பதிந்துகொள்வார்கள். அவர்களிலும் ஒருவர் நம்மைப்போல் ஒரேயொரு தடவை பேசிவிட்டு ஓய்ந்திருக்கலாம்.

எதுவும் கேட்காததைவிட, தேவையற்றது அளவுக்கு மீறிக் கேட்டதே நடைமுறைச் சிக்கல். செய்மதிகள், ராடார்கள், ஒலிபரப்புகள் எல்லாம் சமிக்ஞைபோலவே பதிவாகும். பயனாளர்கள் எல்லோரின் கணினிகளும் குறித்தனுப்பிய ஏறத்தாழ 1200 கோடிப் பதிவுகளைச் சலித்து நூறளவுக்குக் குறைக்க, தரவு விநியோகம் நின்ற பின்பும் பல ஆண்டுகள் பிடித்தன. 2020 டிசம்பரில் அரேசிபோ இடிந்து விழுந்துவிட்டதால், எஞ்சியவற்றை மறுபடி பார்க்கும் வேலை சீனாவின் ஃபாஸ்ட் தொலைநோக்கியிடம் சென்றது. இந்தச் சலித்தெடுக்கும் வேலையைப் பற்றித் திரையில் பயனாளருக்கு எதுவும் தெரியவில்லை. வண்ண வரைபடமும், யார் எவ்வளவு வேலை முடித்தார் என்று காட்டும் புள்ளிப் பட்டியலுமே தெரிந்தன. பட்டியலில் முன்னேறுவதற்காகவே புதுக் கணினி வாங்கியவர்களும் உண்டு. மென்பொருளில் நான் காணும் மெய்யான குறை இதுதான்.

இன்று கணினி நேரத்தைக் கொடுக்க விரும்புபவர்கள், செட்டி அட் ஹோம் பின்னாளில் பயன்படுத்திய, தன்னார்வலர்களின் கணினிகளை இணைக்கும் பொயிங்க் தளத்தில் இயங்கும் ஐன்ஸ்டீன் அட் ஹோமைப் பார்க்கலாம். அது துடிவிண்மீன்களை (சீரான துடிப்புகளாகக் கதிர்வீச்சு வந்துசேரும், சுழலும் விண்மீன்களை) தேடுகிறது, கண்டுபிடித்தும் இருக்கிறது. மடிக்கணினியானால், அமைப்புகளில் செயலிப் பயன்பாட்டைப் பாதிக்குக் கீழே வைத்துவிடுங்கள். கொழும்பின் ஏப்ரல் வெக்கையில் அதற்குமேல் தாங்காது.