“பாட்டு வருதுல்ல சார்?” – டாக் ஐசி வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

11,400 ரூபாய். முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். பிசிஎம்1794ஏ என்று அச்சடித்த டாக் ஐசி (டிஜிட்டல் பாட்டை ஒலி சிக்னலாக மாற்றுவது) இரண்டு, தலா 2,300. ஓபிஏ627 என்று அச்சடித்த ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் ஐசி) நான்கு, தலா 1,700. ஆறும் போலி. கொஞ்சம் ஆறப்போட்டு நிதானமாக எழுதலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இன்று காலை “உங்கள் புகார் திருப்திகரமாக முடித்துவைக்கப்பட்டது” என்று குறுஞ்செய்தி வந்தது. யாருக்குத் திருப்தி என்று அதில் இல்லை.

வீட்டிலேயே டிஜிட்டல் ஆடியோ பிளேயரும் டாக்கும் செய்கிறவர்கள், செய்யப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். மற்றவர்களுக்கும் புரியும்படி எழுதப் பார்க்கிறேன், ஏனென்றால் இந்த ஏமாற்று எப்படி நடக்கிறது என்பது அந்த ஐசிக்கு உள்ளேதான் இருக்கிறது.

பிளேயர் பகுதி எளிது. ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினி, அதில் மூட் ஆடியோ என்ற பாட்டு மென்பொருள், பாட்டுக்கு ஒரு ஹார்ட் டிஸ்க், போனிலிருந்து இயக்கலாம். பையில் ஐ2எஸ் கால்கள் (டிஜிட்டல் ஒலியை ஐசிக்கு அனுப்பும் இணைப்பு) இருப்பதால், பிசிஎம்5102ஏ என்ற டாக் ஐசி போட்ட சின்ன போர்டு ஒன்றைச் செருகினாலே பாட்டு வந்துவிடும். சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது. உண்மையைச் சொன்னால் பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும். நான் அதற்கு மேலே ஒரு படி போக ஆசைப்பட்டேன். அந்தச் சின்ன ஐசி தனக்கு வேண்டிய கடிகாரத் துடிப்பைத் தானே உருவாக்கிக்கொள்ளும். பிசிஎம்1794ஏ அப்படியில்லை, அதற்குத் தனியாக மாஸ்டர் கிளாக் கொடுக்க வேண்டும். பையின் ஐ2எஸ் வரிசையில் அது கிடையாது. அதனால் அதைச் சேர்த்துத் தர, நடுவில் எக்ஸ்மாஸ் சிப் போட்ட யூஎஸ்பி கார்டு ஒன்று. அதில் 44.1 கிலோஹெர்ட்ஸ் குடும்பப் பாட்டுக் கோப்புகளுக்கு 22.5792 மெகாஹெர்ட்ஸ், 48 கிலோஹெர்ட்ஸ் குடும்பத்துக்கு 24.576 மெகாஹெர்ட்ஸ் என்று இரண்டு கிரிஸ்டல். இதற்கெல்லாம் பணம் கொடுத்து வாங்கியதில் எந்தக் குறையும் இல்லை. டிரான்ஸ்பார்மர் சுற்றிக்கொடுத்தவர் சொன்ன தேதிக்கு முன்னாலேயே கொடுத்தார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

சிக்கல் வந்தது அந்த ஆறு ஐசியில்தான்.

பிசிஎம்1794ஏ, ஓபிஏ627 இரண்டும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தயாரிப்பு. ஏன் அவர்களுடைய ஐசி? ஏகேஎம் நிறுவனத்தின் டாக் ஐசிகள் மேல்தான் எனக்குக் கண். ஆனால் 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபெயோகாவில் அவர்களுடைய ஆலை எரிந்தது. பல நாள் எரிந்த தீ அது. அதற்கப்புறம் அந்த ஐசிகளுக்கு உலகம் முழுக்கத் தட்டுப்பாடு, கூடவே போலிகள். அந்த வம்பே வேண்டாம் என்றுதான் இந்தப் பக்கம் வந்தேன்.

வாங்கிய இடம் எலக்ட்ரானிக்ஸ் உதிரிகளுக்கான ஓர் இணையச் சந்தை. பல விற்பனையாளர்கள் கடை விரிக்கும் வகை. இந்த விற்பனையாளர் பெயருக்குப் பக்கத்தில் “சரிபார்க்கப்பட்டவர்” என்று பச்சை அடையாளம், 4.8 நட்சத்திரம். அதையெல்லாம்கூட நான் பெரிதாக நம்பவில்லை. நம்பவைத்தது அவர் பேசிய பேச்சு.

ஆர்டர் போடும் முன் தளத்தின் வழியாகவே ஒரு சந்தேகம் கேட்டேன். அவரே கூப்பிட்டார். எடுத்த எடுப்பில், “ஐ டு வி-க்கு என்ன ரெசிஸ்டர் போடறீங்க சார்?” என்றார். ஐசி தரும் கரண்டை வோல்டேஜாக மாற்றும் பகுதிக்குப் பெயர்தான் ஐ டு வி. வெறும் வியாபாரிக்கு வாயில் வராத கேள்வி அது. 750 ஓம் என்றேன். “கரெக்ட் சார், மெட்டல் பிலிம் போடுங்க, ஐரெப் காலுக்கு 10 கே மறந்துடாதீங்க” என்றார். ஐசியின் கரண்ட் அளவைத் தீர்மானிக்கும் கால் அது. பவர் சப்ளை பற்றி, கிரவுண்டை எங்கே சேர்ப்பது என்பது பற்றி ரொம்ப நேரம் பேசினார். பழைய நாதஸ்வரக் கச்சேரி ஒன்றைக் கேசட்டிலிருந்து மாற்றி வைத்திருப்பதாகச் சொன்னார். “இந்த ஐசில அத போட்டுக் கேட்டா சீவாளில எச்சில் படறது கூடக் கேக்கும் சார்.” இப்படிப் பேசுகிற ஆளை யார்தான் சந்தேகப்படுவார்கள்? கடைசியில், “கால் இடைவெளி 0.65 மில்லிமீட்டர்தான், சால்டர் பண்ணும்போது ஒண்ணு போயிட்டா கஷ்டம். ஸ்பேரா ஒண்ணு எடுத்து வச்சுக்கோங்க” என்று அக்கறையாகச் சொன்னார். ஒன்று வாங்க வந்தவன் இரண்டு வாங்கினேன். ஓபிஏ627 எல்லாம், அதை முதலில் தயாரித்த பர் பிரவுன் கம்பெனியை டெக்சாஸ் வாங்குவதற்கு முந்தைய ஸ்டாக், அதாவது 2000-க்கு முந்தையது, இனிமேல் கிடைக்காது என்றார். நான்கு எடுத்தேன். 11,400 ரூபாயும் தளத்திலேயே கட்டினேன். வெளியே அனுப்பச் சொல்லி அவரும் கேட்கவில்லை.

பொருள் வந்தது. கறுப்பு நுரையில் குத்தி, நிலைமின் பாதிப்பைத் தடுக்கும் ஆன்டி ஸ்டேட்டிக் பையில் போட்டு, அழகாகத்தான் வந்தது. அதற்குப் பிறகு போர்டு அச்சாகி வரவேண்டும், சால்டர் செய்ய வேண்டும், பவர் சப்ளையைத் தனியாக ஓட்டிப் பார்க்க வேண்டும். இந்த வேலைகளை வேலைக்குப் போகிறவன் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் செய்வான். தளத்தில் திருப்பி அனுப்ப 7 நாள் கெடு. இந்த இரண்டு விஷயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விற்பனையாளருக்கு இது தெரியாமலா இருக்கும்?

ஆன் செய்தேன், பாட்டு வந்தது. நன்றாகவே வந்தது. அதுதான் இதில் மோசமான பகுதி.

சத்தம் மட்டும் கொஞ்சம் கம்மியாகப் பட்டது. மல்டிமீட்டரை எடுத்தேன். இந்த ஐசி வோல்டேஜாக வெளியே தராது, கரண்டாகத்தான் தரும். பாட்டு ஓடாதபோது ஒவ்வொரு வெளியீட்டுக் காலிலும் 6.2 மில்லி ஆம்பியர் இருக்க வேண்டும் என்று தயாரிப்பாளரின் தரவுத்தாள் சொல்கிறது. 750 ஓமில் அது 4.65 வோல்ட் ஆகும். எனக்குக் கிடைத்தது 2.6. நான்கு காலிலும் அதேதான். சரி, ஓடும்போது பார்ப்போம் என்று முழு அளவில் 200 ஹெர்ட்ஸ் தொனி ஒன்றை ஓட்டினேன். சாதாரண மல்டிமீட்டர் 1 கிலோஹெர்ட்ஸில் சரியாகக் காட்டாது என்பதால் 200. கடைசி வெளியீட்டில் 2 வோல்ட் வரவேண்டிய சுற்றில் 1 வோல்ட்டும் கொசுறும்தான் வந்தது.

ஐரெப் காலில் உள்ள 10 கே ரெசிஸ்டர் தப்பாக இருந்தாலும் கரண்ட் குறையும். கழற்றி அளந்தேன், 10 கே தான். ஓபிஏ627 நான்கையும் சாக்கெட்டிலிருந்து எடுத்துவிட்டு, வேறு கடையில் வாங்கிய என்இ5534 போட்டுப் பார்த்தேன். அளவு மாறவில்லை. ஸ்பேர் ஐசியை இன்னொரு போர்டில் வைத்துப் பார்த்தேன். அதிலும் அதே 2.6.

பிசிஎம்1798 என்று இதே வீட்டில் பிறந்த தம்பி ஐசி ஒன்று உண்டு. அதே 28 கால், அதே வரிசை, அப்படியே தூக்கி வைத்தால் வேலை செய்யும். அதன் நடு கரண்ட் 3.5 மில்லி ஆம்பியர், 750 ஓமில் 2.6 வோல்ட். முழு வீச்சு 4 மில்லி ஆம்பியர், 1794ஏ-யில் 7.8. ஏறக்குறைய பாதி. என் மீட்டர் காட்டிய இரண்டு அளவும் இதோடு பொருந்துகின்றன. டைனமிக் ரேஞ்ச் (மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி) 127 டெசிபலுக்குப் பதில் 123. மென்பொருள் வழியாக ஐசியிடமே “நீ யார்” என்று கேட்கும் வசதி இரண்டிலும் கிடையாது, எல்லாமே கால்களை மேலே கீழே கட்டித்தான் அமைக்க வேண்டும். எனவே மேலே அச்சிட்ட எழுத்தைத் தவிர வேறு அடையாளம் இல்லை. அந்த எழுத்தை அசிட்டோன் தொட்ட பஞ்சால் தேய்த்தேன். மேல்பூச்சோடு சேர்ந்து வந்துவிட்டது, அடியில் உராய்த்த தடம்.

1798 மோசமான ஐசி இல்லை, இதையும் சொல்ல வேண்டும். 1798 என்று சொல்லி அதன் விலைக்குக் கொடுத்திருந்தால் சந்தோஷமாக வாங்கியிருப்பேன். பாதி வோல்டேஜ் என்றால் 6 டெசிபல்தான் குறைவு. வால்யூமைக் கொஞ்சம் திருகினால் எல்லாம் சரியாகிவிடும். அளந்து பார்க்காதவர்கள் ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். 4.8 எப்படி வந்தது என்று இப்போது புரிகிறதா?

ஓபிஏ627 கதை இன்னும் கேவலம். அது ஒவ்வொன்றும் சும்மா இருக்கும்போதே 7 மில்லி ஆம்பியர் இழுக்கும். நான்குக்கு 28. நான் அளந்தபோது நான்கும் சேர்ந்து 6-க்குக் கீழே. உள்ளே என்ன இருக்கிறது என்று உடைத்துப் பார்க்கவில்லை, ஆனால் டிஎல்071 மாதிரி சில்லறை விலை ஆப்-ஆம்ப் இந்த அளவுதான் இழுக்கும். 1,700 ரூபாய், ஒன்றுக்கு!

இனி பதில்கள். விற்பனையாளரைக் கூப்பிட்டேன். முதலில், “ஸ்டேட்டிக் பட்டிருக்கும் சார்” என்றார். இரண்டு ஐசியிலும், எட்டு வெளியீட்டுக் காலிலும் ஒரே அளவாகப் படுகிற ஸ்டேட்டிக் எங்கே இருக்கிறது? அடுத்து, “உங்க சால்டரிங்ல ஏதோ இருக்கும்.” அப்புறம் அளவுகளை எல்லாம் அனுப்பினேன். ஐரெப் காலைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்த அதே ஆள், “எனக்கு டெக்னிக்கலா அவ்வளவு தெரியாது சார், பாட்டு வருதுல்ல?” என்றார். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

தளத்தில் புகார் போடப் போனால் காரணம் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. பொருள் வரவில்லை, உடைந்து வந்தது, வேறு பொருள் வந்தது, வேலை செய்யவில்லை. “வேலை செய்கிறது, ஆனால் போலி” என்று ஒரு கட்டம் இல்லை. “வேறு பொருள்” என்று போட்டேன். படம் கேட்டார்கள். அனுப்பினேன். படத்தில் பிசிஎம்1794ஏ என்றுதானே இருக்கிறது என்று பதில். எழுத்து அழிந்த படத்தை அனுப்பினேன். சேதப்படுத்திய பொருளைத் திரும்பப் பெற இயலாது என்று பதில். சால்டர் செய்தால் பயன்படுத்திய பொருள், அதையும் எடுக்க மாட்டார்கள். டாக் ஐசியைச் சால்டர் செய்யாமல் சோதிக்கவும் முடியாது. இதை ஒரு பெண்ணிடம் போனில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சார், பொருள் ஆன் ஆகுதா?” என்றார். ஆகிறது என்றேன். “அப்போ பிராப்ளம் சால்வ்டு தானே சார்?” 11,400 ரூபாய் என்றேன். “நாங்க வெறும் இடைத்தளம்தான் சார், விற்பனையாளர்தான் பொறுப்பு” என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, எழுதிக்கொடுத்ததைப் படிக்கிறார். பச்சை அடையாளம் கொடுத்தது யார் என்று கேட்டேன். மேலதிகாரி கூப்பிடுவார் என்றார். கூப்பிடவில்லை. புகார் மூடப்பட்டது. திரும்பத் திறந்தேன், மறுபடியும் மூடினார்கள். இன்று காலை “திருப்திகரமாக.”

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விளக்கமாக ஒரு பட்டியல் எழுதலாம் என்றுதான் தொடங்கினேன். இப்போது கைக்கு வருவதை மட்டும் சொல்கிறேன். டாக் ஐசியையும் விலை அதிகமான ஆப்-ஆம்பையும் மவுசர், டிஜிகீ, எலிமென்ட்14 மாதிரி நேரடி விநியோகஸ்தரிடம் மட்டும் வாங்குங்கள். ஸ்டாக் இல்லை என்றால் வரும்வரை காத்திருங்கள், பிசிஎம்5102ஏ அதுவரை பாடிக்கொண்டிருக்கும். “பழைய ஸ்டாக்” என்று யாராவது சொன்னால் போனை வையுங்கள். பொருள் வந்த அன்றே பெட்டி திறப்பதை வீடியோ எடுங்கள். கெடுவுக்குள் ஆப்-ஆம்பின் கரண்டை பிரெட்போர்டில் அளந்துவிடுங்கள், அதற்குச் சால்டர் தேவையில்லை. ஏற்கெனவே 1794ஏ போட்டு வைத்திருப்பவர்கள் பாட்டை நிறுத்திவிட்டு ஐ டு வி வெளியீட்டில் டிசி அளந்து, ரெசிஸ்டர் மதிப்பால் வகுத்துப் பாருங்கள். 6.2 மில்லி ஆம்பியர் வரவேண்டும். 3.5 வந்தால் உங்களுக்கும் என் கதைதான்.

இடைத்தளம் என்று அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்காதீர்கள். 2020 மின்வணிக விதிகளின்படி தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அவருடைய பெயரும் தொடர்பும் தளத்தில் இருக்க வேண்டும். நான் தேடியபோது பக்கத்தின் அடியில், எறும்பு எழுத்தில் இருந்தது. அவருக்கு எழுதியாயிற்று. 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்தாயிற்று. அதிலும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது.

இதை எழுதும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கடை அப்படியே இருக்கிறது. அதே படம், அதே பச்சை அடையாளம், 2,300 ரூபாய் இப்போது 2,150. “3 மட்டுமே மீதம்” என்று சிவப்பில் போட்டிருக்கிறார்கள்.