கிங்ஸ்பெரி எந்த ஊர்ப் பெயர்? ஃபமிலிசேர்ச் சேவை, வன்னியிலிருந்து ஒரு மதிப்பீடு

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் சில கிறிஸ்தவக் குடும்பங்களில் ஆங்கிலக் குடும்பப் பெயர் இன்னும் நிலைத்து நிற்கிறது. 1936இல் தொடங்கிய கிளிநொச்சிக் குடியேற்றத்தோடும் அதற்குப் பின்னும் யாழ்ப்பாணத்திலிருந்து காணி எடுத்து வந்தவர்களோடு வந்த பெயர்கள் அவை. அந்தப் பெயரின் மூலத்தைத் தேடுகிறவர் முதலில் போய்ச் சேரும் இடம் ஃபமிலிசேர்ச் (FamilySearch) என்ற வம்சவரலாற்று இணையதளம். காசு கட்டத் தேவையில்லை, கணக்குத் திறந்தால் போதும். இலவசச் சேவைகளில் இதைவிடப் பெரியது இல்லை. ஆனால் எல்லோரும் முதலில் திறக்கிற குடும்பப் பெயர்ப் பக்கம்தான் அதில் மிகப் பலவீனமான பகுதி.

கிங்ஸ்பெரி என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். சி. வை. தாமோதரம்பிள்ளையின் மகன் அழகசுந்தரம், பிரான்சிஸ் கிங்ஸ்பெரி என்று அறியப்பட்டவர். அதனால் நமக்குப் பழகிய பெயர். இது ஊரை வைத்து வந்த பெயர். ஆனால் கிங்ஸ்பெரி என்று இங்கிலாந்தின் மிடில்செக்ஸில் ஓர் ஊர், சொமர்செட்டில் ஓர் ஊர், வாரிக்‌ஷயரில் இன்னோர் ஊர் இருக்கின்றன. முதலாவது இன்றைய வடமேற்கு லண்டனுக்குள், நம்மவர்கள் நிறைய வாழும் பகுதியில் இருப்பதால் பலர் அதையே பிடித்துக்கொள்கிறார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. பெயர்ப் பக்கம் தரும் விளக்கம் அமெரிக்கக் குடும்பப் பெயர் அகராதி ஒன்றிலிருந்து எடுத்தது. உங்கள் கிளை எந்த ஊரினது என்று அதனால் சொல்ல முடியாது. இணையத்தில் விற்கிற ‘குடும்பச் சின்னம்’ பொறித்த படச்சட்டங்களை வாங்கவே வேண்டாம். இங்கிலாந்தில் அந்தச் சின்னம் குறிப்பிட்ட ஓர் ஆளுக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது, ஒரு பெயருக்கு உரியதல்ல.

உருப்படியான வேலை பதிவுத் தேடலில்தான் இருக்கிறது. 1881ஆம் ஆண்டு இங்கிலாந்துக் குடிசன மதிப்பீடு முழுவதும் அங்கே இலவசமாக உண்டு. குடும்பப் பெயரை மட்டும் போட்டு, பிறந்த ஆண்டை 1821க்கு முன் என்று மட்டுப்படுத்துங்கள். வருகிறவர்கள் ரயில் பாதைகள் ஊரூராகப் போவதற்கு முன் பிறந்தவர்கள். அவர்கள் எந்தக் கவுண்டியில் (இங்கிலாந்தின் மாவட்டம் போன்ற பிரிவில்) பிறந்தார்கள் என்று எண்ணினால் பெயர் எங்கே வேரூன்றியிருந்தது என்று தெரியும். எழுத்துக்கூட்டல் மாறும் என்பதால் நடுவில் ஐயமான எழுத்துகளுக்குப் பதில் நட்சத்திரக் குறி போடுங்கள். ஓர் எழுத்து மட்டும் ஐயமென்றால் கேள்விக்குறி. 1841 மதிப்பீட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதினார்கள். அதை அறியாமல் இரண்டு பேரை ஒருவராக்குவது சாதாரணமாக நடக்கிற பிழை.

அடுத்த கட்டம் அட்லாண்டிக் கடலைத் தாண்டி அமெரிக்கா. இப்படிப்பட்ட பெயர்கள் பல யாழ்ப்பாணத்துக்கு வந்தது அந்த வழியாகத்தான். 1630களிலேயே மசாசுசெட்ஸின் டெடாம் ஊரில் கிங்ஸ்பெரிகள் இருந்தார்கள். நியூ இங்கிலாந்தின் காணி உறுதிகளும் மரணசாசனங்களும் இதே சேவையில் ஏராளம். கையெழுத்துப் பக்கங்களுக்குள்ளேயே சொல் தேடும் வசதி 2024இல் வந்த பிறகு அவற்றைத் தேடுவது மிகச் சுலபம்.

இலங்கைக்கு வரும்போது சங்கிலி வேறுவிதமாகிறது. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன், விடுதிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அமெரிக்காவிலிருந்து பணம் அனுப்பியவர்கள் சொன்ன பெயர்களை வைத்தது. அந்த மிஷனின் உயர்கல்விக்கூடமான வட்டுக்கோட்டைச் செமினரி 1823 முதல் 1855 வரை நடந்தது. அங்கே படித்தவர்கள் பலரிடம் இப்படிப்பட்ட பெயர்கள் இருந்தன. ஆகவே பெயர் இங்கிலாந்தினது, இரத்தம் தமிழ். வம்சமரத்தில் தமிழ்த் தகப்பனுக்கு மேலே ஓர் ஆங்கிலத் தகப்பனை ஒட்டாதீர்கள். இந்த இணைப்புக்குப் பதிவு, ‘மிஷனரி ஹெரால்ட்’ என்ற மிஷன் மாத இதழின் நன்கொடைப் பட்டியல்களில் இருக்கிறது. அந்த இதழ்கள் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் இலவசம். பெயரோடு ‘சிலோன்’ என்று சேர்த்துத் தேடுங்கள். மிஷன் கடிதங்கள் ஹார்வர்டின் ஹூட்டன் நூலகத்தில் உள்ளன.

வன்னிக்கு இந்தச் சேவை கைகொடுக்காது. கொழும்பு மாவட்ட டச்சுத் திருச்சபைப் பதிவுகள் 1677இலிருந்து இருக்கின்றன. நமது சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். இடப்பெயர்வில் தொலைந்தவற்றுக்கு, குடும்பம் வன்னிக்கு வருமுன் இருந்த யாழ்ப்பாணத்துச் சபையில் விசாரிப்பதே வழி. பிரதேச செயலகத்தில் பிறப்புப் பதிவைக் கேட்டு, அது இல்லையென்றால் கிடைப்பது உத்தேச வயதுச் சான்றிதழ். அது வேலைக்கும் அடையாள அட்டைக்கும் உதவும். தலைமுறையை நிறுவ உதவாது. இன்னொன்று: படிவத்தின் கடைசிப் பெயர்க் கட்டத்தில் சிலருக்குத் தகப்பன் பெயரும் சிலருக்கு ஆங்கிலப் பெயரும் ஏறியிருக்கும். இரண்டையும் மாற்றி மாற்றித் தேட வேண்டும்.

ஃபமிலிசேர்ச்சின் வம்சமரம் உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரே மரம். யாரும் திருத்தலாம், ஒரே பெயருள்ள இருவரை இணைத்தும் விடலாம். பதிவின் படம் திறக்குமென்றால் அதைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சில படங்கள் ஃபமிலிசேர்ச் நிலையங்களில் மட்டுமே திறக்கும். ஆளைச் சேர்க்கும்போது உயிரோடு இருக்கிறாரா, இறந்தவரா என்று கேட்கும். ‘இறந்தவர்’ என்று போட்டால் அந்த விவரம் எல்லோர் கண்ணிலும் படும். காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கு அங்கே தனியிடம் இல்லை. அவர்களை ‘உயிரோடு’ என்றே வையுங்கள். அப்படி வைத்த பக்கம் பொதுவில் தெரியாது. மரத்தைப் பகிர்ந்து எழுதும் வெளிநாட்டு உறவினர்களுக்கும் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.