பத்து நாள் விபாசனா முகாம்: சென்று வந்தவரின் மதிப்பீடு

காலையில் நீறு பூசி ஐந்தெழுத்தைச் சொல்வது எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை வழக்கம். பணி ஓய்வு பெற்ற பிறகுதான், நாக்கு நமசிவாய என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே மனம் மின்கட்டணக் கெடுவை நினைத்துக்கொண்டிருப்பதை நான் கவனிக்கத் தொடங்கினேன். அந்த உறுத்தல் தாங்காமல்தான் தியான ஆசிரியர் எஸ்.என். கோயங்கா மரபில் நடத்தப்படும் பத்து நாள் விபாசனா தியான முகாமுக்கு விண்ணப்பித்தேன். நான் தங்கிய மையத்தின் பெயரை எழுதப்போவதில்லை. எந்த மையத்துக்குச் சென்றாலும் பாடத்திட்டமும் கால அட்டவணையும் ஒலிப்பதிவுகளும் ஒன்றே என்பதால், படிப்பவருக்கு இதனால் இழப்பில்லை.

இந்த முகாமுக்குக் கட்டணம் கிடையாது. முன்னர் முகாமை முடித்தவர்கள் கொடுத்த நன்கொடையில்தான் நமக்குச் சோறும் படுக்கையும் கிடைக்கின்றன. புதிதாக வருபவர் முகாமை முடிப்பதற்கு முன்பு பணத்தை நீட்டினாலும் வாங்குவதில்லை. மன அமைதிக்குக்கூட முன்பதிவுச் சலுகை அறிவிக்கப்படும் இந்நாளில், பத்து நாளும் யாரும் எதையும் என்னிடம் விற்க முயலவில்லை என்பதையே இதன் முதற்சிறப்பாகச் சொல்வேன்.

காலை 4 மணிக்கு மணி அடிக்கும், 4.30க்குத் தியானம் தொடங்கும்; இரவு 9.30க்கு விளக்கணைப்பார்கள். இடையில் ஏறத்தாழ பத்து மணி நேரம் அமர வேண்டும். 11 மணிக்கு மதிய உணவு. மாலை 5 மணிக்குப் புதியவர்களுக்குத் தேநீரும் பழமும், எங்கள் மையத்தில் ஒரு கை பொரியும் கிடைத்தன. அதன் பிறகு மறுநாள் காலைவரை ஒன்றுமில்லை. பசியைவிட, உடன் இருப்பவர்களோடு பேசக் கூடாது என்ற மௌன விதியே கடினமாக இருக்கும் என்று எண்ணிச் சென்றேன். இரண்டுமே இரண்டாம் நாளில் பழகிவிட்டன. பழகாதது வேறொன்று. கைப்பேசி, புத்தகம், பேனா ஆகியவற்றோடு செபமாலையையும் மந்திரத்தையும் பூசையையும் பத்து நாளைக்கு ஒதுக்கிவைக்க வேண்டும் என்பது விதி. வேறெதுவும் கலக்காமல் இந்த முறையை மட்டும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். நெற்றி வெறுமையாக இருந்ததால் முதல் இரண்டு நாளும் ஏதோ துக்க வீட்டில் இருப்பதுபோலவே இருந்தது.

முதல் மூன்று நாள் ஆனாபானா, அதாவது மூச்சைக் கட்டுப்படுத்தாமல் இயல்பாக வருவதும் போவதுமாகக் கவனிப்பது மட்டும். மூன்றாம் நாள் மாலை, மூக்குத் துளைகளுக்குக் கீழே மேலுதட்டுக்கு மேலே உள்ள ஒரு விரல் அகலத்தில், வெளிமூச்சு உள்மூச்சைவிடச் சற்று வெதுவெதுப்பாக இருப்பது எனக்குத் தெரிந்தது. அறுபது ஆண்டுகளாக அங்கேயே நடந்துகொண்டிருந்த செய்தி அது. நான்காம் நாள் விபாசனா கற்பிக்கப்படுகிறது: உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை கவனத்தை நகர்த்தி, தோன்றும் உணர்ச்சி எதுவானாலும் விரும்பாமலும் வெறுக்காமலும் பார்ப்பது. அன்றிலிருந்து நாளுக்கு மூன்று முறை, ஒரு மணி நேரம் கையையோ காலையோ அசைப்பதில்லை என்ற உறுதியோடு அமர வேண்டும். இதை அதிட்டானம் என்கிறார்கள். நாற்பதாவது நிமிடத்தில் என் இடது முழங்காலில் ஆணி அடித்தது போன்ற வலி எழும். ஏழாம் நாள் அதை உற்றுப் பார்த்தபோது, ஒரே வலி என்று நான் நினைத்திருந்தது சூடும் இறுக்கமும் துடிப்புமாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தனித்தனியே எழுந்து அடங்கியது. மணி அடித்த பிறகும் சிறிது நேரம் எழுந்திருக்கத் தோன்றவில்லை. மறுநாள் அதே கால் என்னைப் படாதபாடு படுத்தியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரவு 7 மணிக்குச் சொற்பொழிவு. கோயங்கா 2013இல் மறைந்துவிட்டதால் அவருடைய பதிவுகளே ஒலிக்கின்றன. தமிழ் மட்டும் அறிந்தவர்களுக்குத் தனி அறையில் மொழிபெயர்ப்பு ஒலிபரப்பினார்கள். பர்மாவின் மண்டலேயில் 1924இல் பிறந்த அந்த வணிகர், ஒற்றைத் தலைவலிக்குத் தீர்வு தேடி 1955இல் ஊ பா கின் என்பவரிடம் சென்றதும், 1969இல் இந்தியாவுக்கு வந்து கற்பிக்கத் தொடங்கியதும் சுவையான கதை. அவருடைய ஆசிரியர் பர்மாவின் தலைமைக் கணக்காயராகப் பணியாற்றியவர் என்று அறிந்தபோது, முப்பது ஆண்டு தணிக்கைத் துறையில் கழித்த எனக்கு அற்பமான ஒரு பெருமை உண்டானது.

குறைகளும் உண்டு. இது எந்த மதமும் சாராத முறை என்று திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டாலும், பாலி மொழி ஓதலும் முற்பிறவி வினைகள் பற்றிய விளக்கமும் பௌத்தத்தின் கருத்துலகிலிருந்து வருபவையே. அதை நேரடியாகச் சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றியது. முகாமை நடத்தும் ஆசிரியரிடம் நண்பகலில் கேள்வி கேட்கலாம். மந்திரமில்லாமல் வரும் வெறுமையைப் பற்றி நான் கேட்டதற்கு, அந்த வெறுமையையும் சமநோக்கோடு கவனியுங்கள் என்ற ஒரே வரி விடையாக வந்தது. என் அறைத்தோழர் விட்ட குறட்டைக்கும் அதே மருந்துதான்.

மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள் விண்ணப்பத்தில் அதை மறைக்கக் கூடாது. மருத்துவரிடமும் கலந்து பேசாமல் செல்லக் கூடாது. தரையில் அமர முடியாதவர்களுக்கு எங்கள் மையத்தில் நாற்காலி தந்தார்கள். கைவிளக்கு, தளர்ந்த பருத்தி உடைகள், கொசுவலை ஆகியவற்றை எடுத்துச் செல்வது நல்லது. விரும்பிய தேதி வேண்டுமென்றால் சில மாதங்களுக்கு முன்பே பதிவு செய்துவிட வேண்டும்.

வீடு திரும்பியதும் காலையும் மாலையும் ஒவ்வொரு மணி நேரம் அமரச் சொல்கிறார்கள்; வேறு வழிபாட்டு முறைகளோடு கலக்க வேண்டாம் என்றும் சொல்கிறார்கள். இரண்டையும் நான் முழுமையாகக் கடைப்பிடிக்கவில்லை. விடியற்காலையில் அரை மணி நேரம் மூச்சைக் கவனிக்கிறேன். பிறகு எழுந்து நீறு பூசி ஐந்தெழுத்தைச் சொல்கிறேன். மின்கட்டணம் இப்போதும் இடையில் வருகிறது. ஆனால் மூன்றாவது முறை சொல்லும்போதே அது வந்திருப்பது தெரிந்துவிடுகிறது.