மைக்ரோஃபைபர் டவல் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: எனக்கு 9,000 போனது இப்படித்தான்

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. "உங்கள் புகார் தீர்க்கப்பட்டு முடிக்கப்பட்டது" என்று அந்த ஆன்லைன் தளத்திலிருந்து இன்று காலை செய்தி வந்திருக்கிறது. எது தீர்ந்தது? அங்கே வாங்கிய டவல் காரின் பானட்டிலும் இரண்டு கதவுகளிலும் கீறல் போட்டுவிட்டது. டவலுக்குக் கொடுத்த காசு, அந்தக் கீறலை எடுக்கப் பாலிஷ் போட்ட காசு எல்லாம் சேர்த்து 9,000 போச்சு. சல்லிக்காசு திரும்பவில்லை. சொந்தக் கையால் காருக்கு வேக்ஸ் போடுகிறவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். நல்ல டவலை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதையும் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

தளத்தின் பெயரைப் போடவில்லை. எல்லாப் பொருளும் விற்கிற பெரிய தளம். அதற்குள் கார் பராமரிப்புச் சாமான் மட்டும் விற்கும் ஒரு விற்பனையாளர்.

வேக்ஸ் துடைக்க ஏன் மைக்ரோஃபைபர் என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நல்ல டவலில் பாலியஸ்டரும் பாலியமைடும் கலந்திருக்கும். பெரும்பாலும் 80/20 சதவீதம், கொஞ்சம் உயர்ந்த ரகத்தில் 70/30. அந்த இழையை மிக நுண்ணிய கீற்றுகளாகப் பிளந்திருப்பார்கள். காய்ந்த வேக்ஸ் அந்தக் கீற்றுகளின் இடுக்கில் போய் உட்கார்ந்துவிடும், பெயிண்ட்டை உரசாது. பிளக்காத இழை என்றால் அது வெறும் வழவழப்பான பிளாஸ்டிக் நூல். வேக்ஸை எடுக்காது, தள்ளிக்கொண்டே போகும்.

அதனால்தான் காசு கட்டுவதற்கு முன்பே அந்த விற்பனையாளரிடம் கேட்டேன். விளம்பரத்தில் 70/30, 500 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராம் கணக்கில்), விளிம்பில் தையல் இல்லை என்று போட்டிருந்தார்கள். "ஸ்பிளிட் ஃபைபர்தானா, அதாவது பிளந்த இழைதானா? கருப்பு பெயிண்ட்டில் வேக்ஸ் துடைக்கலாமா?" என்று சாட்டில் கேட்டேன். உடனே பதில்: "கண்டிப்பா சார். ஸ்பிளிட் ஃபைபர்தான். கருப்பு காருக்கு இதைத்தான் எல்லாரும் கேட்டு வாங்குறாங்க. கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்." அதோடு நிற்கவில்லை. "துவைக்கும்போது ஃபேப்ரிக் சாஃப்ட்னர் மட்டும் ஊத்திடாதீங்க சார், இழை அடைச்சிடும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில்தான் நான் அவரை முழுதாக நம்பினேன். சாஃப்ட்னர் இழையின் மேல் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும் என்பது உண்மையான தகவல். இவ்வளவு தெரிந்தவர் பொருளில் ஏமாற்ற மாட்டார் என்று யாருக்கும் தோன்றும். அந்த அறிவைத் தூண்டிலாக வைத்துத்தான் விற்றிருக்கிறார் என்பது இப்போது புரிகிறது.

டவல் வந்ததும் தனியாகத் துவைத்து, நிழலில் காயவைத்தேன். காரைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, வெயில் படாத இடத்தில் நிறுத்தி வேக்ஸை மெல்லிசாகப் பூசினேன். அது மங்கலாகக் காய்ந்த பிறகு விரலால் தொட்டு இழுத்துப் பார்த்தேன், சுத்தமாக வந்தது. டவலை நாலாக மடித்து, பக்கத்தை மாற்றி மாற்றித் துடைக்க ஆரம்பித்தேன். அப்போதே இழுத்தது. வேக்ஸ் எழும்பவே இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஈஷிக்கொண்டு நகர்ந்தது. மறுநாள் வெயிலில் வண்டியை எடுத்தால், பானட் முழுக்க வட்ட வட்டமாகச் சன்னக் கீறல். கருப்பு பெயிண்ட் வேறு, ஒன்றையும் மறைக்காது. செல்போன் டார்ச்சை அடித்தால் வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்தி வலை கட்டினது போல இருந்தது.

பிறகு டவலைச் சோதித்தேன். மேசையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றித் துடைத்தால், தண்ணீர் துணிக்கு முன்னால் ஓடுகிறது. டவல் 40க்கு 40 சென்டிமீட்டர். 500 ஜிஎஸ்எம் என்றால் ஒரு டவல் 80 கிராம் இருக்க வேண்டும். தராசில் வைத்தேன், 38 கிராம். அடுத்ததை வைத்தேன், 37. சொன்னதில் பாதி கூட இல்லை! தையல் இல்லாத விளிம்பு என்றார்களே, அது சூட்டில் வெட்டிய விளிம்பு. நகத்தால் வருடினால் அங்கங்கே உருகி இறுகிய பிளாஸ்டிக் மணிகள் நெருடுகின்றன. அதையா கிளியர் கோட்டில், பெயிண்ட்டுக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சில், தேய்க்கச் சொன்னார்கள்?

தராசின் படத்தோடு புகார் கொடுத்தேன். முதலில் "படம் தெளிவாக இல்லை" என்றார்கள். வேறு படம் அனுப்பினேன். "துவைத்துவிட்டதால் இது பயன்படுத்திய பொருள், திரும்ப எடுக்க முடியாது." துவைக்காமல் புது டவலை எவனாவது பெயிண்ட்டில் வைப்பானா? விற்பனையாளரைக் கேட்டால், "உங்க கார்ல மண் இருந்திருக்கும் சார்." கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம் என்ற அதே ஆள்! மறுபடி தளத்துக்கு எழுதினேன். ஒவ்வொரு முறையும் புது ஆள், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும், "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று முடிப்பார்கள். கடைசியில் ஒருவர், "பெயிண்ட் சேதம் எங்கள் பொறுப்பில் வராது, டவல் விலையைப் பற்றி மட்டும் பரிசீலிக்கலாம்" என்றார். அந்தப் பரிசீலனையின் முடிவுதான் இன்று காலை வந்த செய்தி. நான் எழுதிய விமர்சனத்தையும் விதிமீறல் என்று நீக்கிவிட்டார்கள். டவலின் கீழே இப்போதும் ஐந்து நட்சத்திரங்கள் மின்னுகின்றன.

9,000 மட்டும் என்றால் கூட மனசு ஆறிவிடும். கிளியர் கோட்டின் மொத்தத் தடிமனே பொதுவாக 40, 50 மைக்ரான்தான். கீறலை எடுப்பது என்றால் அந்தப் பூச்சையே கொஞ்சம் தேய்த்து எடுப்பது. பாலிஷ் கடைக்காரர் தடிமன் அளக்கும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "இந்தத் தடவை சரி பண்ணிடலாம். இதே மாதிரி திரும்பத் திரும்ப ஆச்சுன்னா தேய்க்கக் கோட் இருக்காது" என்றார். தேய்ந்தது தேய்ந்ததுதான், காசு வந்தாலும் அது வராது. இதை அந்தத் தளத்தில் ஒருத்தருக்கும் புரியவைக்க முடியவில்லை. அவர்களுக்கு இது ஒரு டவல் பாக்கெட், அவ்வளவுதான்.

சரி, விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். டவல் கைக்கு வந்ததும் எடை போடுங்கள், அதை வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேக்ஸ் துடைக்க 300 முதல் 400 ஜிஎஸ்எம் போதும், பெரிய எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், உறிஞ்சவில்லை என்றால் தொடவே தொடாதீர்கள். பழைய சிடி இருந்தால் அதன் பளபளக்கும் பக்கத்தில் தேய்த்துப் பாருங்கள், கீறினால் காரையும் கீறும். விளிம்பையும் மூலையையும் விரலால் தடவுங்கள். சாட்டில் விற்பனையாளர் சொல்வதை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பிறகு அந்தப் பக்கம் காணாமல் போய்விடும். சந்தேகமான டவலை டயருக்கும் என்ஜினுக்கும் வைத்துக்கொள்ளுங்கள், பெயிண்ட் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.