பிட்லாக்கர், வெராகிரிப்ட்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

டிஸ்க்கில் உள்ளதைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டிவைக்க (என்கிரிப்ஷன்), லேப்டாப்பின் உள் டிரைவுக்கு விண்டோஸோடு வரும் பிட்லாக்கர், வெளி யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்குக்கு வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருள் என்பதே இங்கே சொல்லும் ஏற்பாடு. வேகம் குறையுமே என்று தயங்குபவர்கள் தயங்க வேண்டாம். இன்றைய புராசஸர்களில் ஏஇஎஸ் என்ற என்கிரிப்ஷன் முறையின் கணக்குக்கென்றே தனிக் கட்டளைகள் இருப்பதால் அலுவலக வேலையில் வித்தியாசம் தெரியாது. டேட்டா பறிபோவது வேறு வழிகளில்.

முதலாவது பிட்லாக்கரின் ரெக்கவரி கீ, அதாவது வழக்கமான வழியில் திறக்காதபோது டிரைவைத் திறக்கும் மாற்றுச் சாவி. 48 இலக்கம், ஆறாறாக எட்டுத் தொகுதி. கணினிக்குள் சாவியைக் காக்கும் டிபிஎம் சிப் ஒவ்வொரு முறையும் பூட் ஆகும் விதத்தை அளந்து பார்த்து, பழையபடி இருந்தால்தான் சாவியைத் தரும். பயாஸை (கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) அப்டேட் செய்தால் அளவு மாறக்கூடும். மதர்போர்டை மாற்றினால் சிப்பே வேறு. இரண்டிலும் நீலத் திரை வந்து அந்த 48 இலக்கத்தைக் கேட்கும். ஆகவே பயாஸில் கைவைக்கும் முன் கன்ட்ரோல் பேனலில் ‘சஸ்பெண்ட் புரொடெக்ஷன்’ கொடுத்துவிடுங்கள். டிரைவ் முழுவதையும் டிக்ரிப்ட் செய்யத் தேவையில்லை. சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் கீயைக் காகிதத்தில் அச்சிட்டு, கீ ஐடியின் முதல் எட்டு எழுத்துகள் நீலத் திரையில் வருவதோடு பொருந்துகிறதா என்று பார்க்கும்படி குறித்து வையுங்கள்.

இதில் ஒரு சங்கடம்: விண்டோஸ் 11-இன் 24எச்2 வெளியீட்டைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், தகுதியுள்ள கணினிகளில் ஹோம் பதிப்பிலும் டிவைஸ் என்கிரிப்ஷன் (பிட்லாக்கரின் எளிய வடிவம்) தானே இயங்கிவிடும். கீ அந்தக் கணக்கில்தான் போய் உட்காரும். பூட்டு இருப்பதே தெரியாமல் கணக்கை அழித்துவிட்டு நிற்பவர்கள் உண்டு.

டிபிஎம் மட்டும் போதுமா? வீட்டுத் திருட்டுக்குப் போதும். ஆனால் லாகின் திரை வரும்போதே சாவி நினைவகத்துக்கு வந்துவிடுகிறது. தனிச் சிப்பாக உள்ள டிபிஎம்மின் கம்பிகளில் ஒட்டுக்கேட்டு சாவியை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். புரோ பதிப்பு என்றால் குரூப் பாலிசி அமைப்பில், கணினி தொடங்கும்போதே கேட்கும் பின் எண் வைத்துவிடலாம். ஸ்லீப்பில் சாவி நினைவகத்திலேயே இருக்கும் என்பதால் பயணத்தில் அது வேண்டாம், ஹைபர்னேட் அல்லது ஷட்டவுன்.

வெராகிரிப்டில் உயிர்நாடி ஹெடர், அதாவது வால்யூமின் (பூட்டிய டிஸ்க் பகுதியின்) தொடக்கத்தில் உள்ள சிறு பகுதி. உண்மையான மாஸ்டர் சாவி அதற்குள்தான் பூட்டிக் கிடக்கிறது; உங்கள் பாஸ்வேர்டு அந்தப் பூட்டை மட்டுமே திறக்கும். டிஸ்க்கைச் செருகியதும் ‘ஃபார்மட் செய்யவா?’ என்று விண்டோஸ் கேட்கும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான், ‘கேன்சல்’ கொடுங்கள். வீட்டில் வேறு யாராவது ‘ஓகே’ கொடுத்தால் முன்பக்க ஹெடர் போய்விடும். வால்யூமின் கடைசியில் ஒரு நகல் ஹெடர் இருக்கிறது, அதைக் கொண்டு மீட்க வாய்ப்புண்டு என்றாலும், டூல்ஸ் மெனுவில் ‘பேக்கப் வால்யூம் ஹெடர்’ எடுத்துத் தனிப் பென் டிரைவில் வையுங்கள். பாஸ்வேர்டை மாற்றினால் பழைய ஹெடர் நகலை அழித்துப் புதிதாக எடுக்க வேண்டும். பழைய நகலும் பழைய பாஸ்வேர்டும் கிடைத்தால் டிஸ்க் இன்னமும் திறக்கும். பழைய பாஸ்வேர்டு கசிந்திருந்தால் வால்யூமையே புதிதாக உருவாக்குவதுதான் வழி.

புது டிஸ்க்குக்கு ‘குயிக் ஃபார்மட்’ தவறில்லை. ஏற்கெனவே புழங்கிய டிஸ்க்கில் அப்படிச் செய்தால் பழைய கோப்புகளின் எச்சம் அப்படியே கிடக்கும். முழுதாக எழுதவிடுங்கள்; வினாடிக்கு 100 எம்பி எழுதும் 1 டிபி டிஸ்க்குக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். பாஸ்வேர்டு 20 எழுத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். தமிழ் எழுத்திலும் வைக்கலாம், ஆசையாகத்தான் இருக்கும். தமிழ் கீபோர்டு இல்லாத கணினியில் திறக்க நேரும்போது அவதிதான்.